தாவும் மரபணு

கேள்வி: மனநோய்க்குக் காரணம் 'தாவும் மரபணு'வாமே? பேய் ஓட்டுகிறவர்கள் கதி என்ன?
– ஒரு வாசகர், மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கூன்

பதில்: அவர்கள் பிழைப்புக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. மக்காச்சோள மணிகளில் ஊதா நிறம் புள்ளியும் திட்டுமாக மாறி மாறி விழுவதைப் பார்த்தே, மரபணுத் துண்டுகள் இடம் மாறுகின்றன என்று 1940-களில் கண்டுபிடித்தார் பார்பரா மெக்ளின்டாக். நோபல் பரிசு அவரிடம் தாவி வர 1983 ஆயிற்று! நம் டி.என்.ஏ.வில் ஏறக்குறையப் பாதி இந்த நாடோடிகளின் மிச்சம்தான். பெரும்பாலானவை செயலற்றவை. 'லைன்-1' வகையில் சில மட்டும் தம்மைப் பிரதியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்கின்றன. மனச்சிதைவு இருந்தவர்களின் மூளை நரம்பணுக்களில் அந்தப் பிரதிகள் கூடுதலாக இருப்பதாக 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பை மட்டும் வாட்ஸ்அப் முன்கூட்டியே அனுப்பிவிட்டது போலிருக்கிறது, உமக்கு!