நாளைக்கே மாத்தச் சொன்னா?

எந்த மென்பொருள் அலுவலகத்திலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். ஜாவாவில் எவனாவது ஒரு கிளாஸுக்குள்ளேயே ‘நியூ’ அடித்து இன்னொரு ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும்.

“கேட்டு வாங்கு தம்பி. கன்ஸ்ட்ரக்டர் எதுக்கு இருக்கு? நாளைக்கே டேட்டாபேஸை மாத்தச் சொன்னா என்ன பண்ணுவே?”

அதில் நியாயம் உண்டு. எஸ்எம்எஸ் அனுப்பும் கிளாஸை பில் போடும் கிளாஸே உள்ளுக்குள் உருவாக்கிக்கொண்டால், டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் நிஜ வாடிக்கையாளரின் போன் அலறும். வெளியிலிருந்து கொடுத்தால், டெஸ்டில் ஒரு டம்மியைக் கொடுத்துத் தப்பிக்கலாம். 2004இல் மார்ட்டின் ஃபவுலர் ‘டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர் வைத்து விளக்கியது இதைத்தான். அண்ணன் அதோடு நிறுத்தினால்தானே!

வாடிக்கையாளர் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட ‘சல்யூடேஷன் புரொவைடர்’ என்று ஓர் இன்டர்ஃபேஸ். அதற்கு ஒரே பிள்ளை, ‘சல்யூடேஷன் புரொவைடர் இம்பிள்’. ஏழு தலைமுறைக்கும் இரண்டாவது பிறக்காது. அவர் எழுதும் கன்ஸ்ட்ரக்டரில் அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று பார்க்கத் திரையை உருட்ட வேண்டும். கேட்டால், “எல்லாத்தையும் ஸ்பிரிங் கொண்டுவந்து குடுக்கும், உனக்கென்ன வலிக்குது?” என்பார்.

இது அதைக் கேட்டு, அது இதைக் கேட்டு வட்டமடித்தால், ஸ்பிரிங்கில் அப்ளிகேஷன் கிளம்பவே மறுக்கும். அண்ணன் ஒரு பக்கம் ‘லேசி’ என்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பிரிக்கவே முடியாத இரண்டை எதற்காகப் பிரித்தோம் என்று அவரிடம் யார் கேட்பது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் ஐந்துக்கு இறங்கின. அண்ணன் இத்தனை வருஷம் மிரட்டிய ‘நாளைக்கே’ நேரிலேயே வந்துவிட்டது. டாக்ஸ் கால்குலேட்டருக்கு இன்டர்ஃபேஸ் இருந்தது, இம்பிள் இருந்தது, ஃபேக்டரி இருந்தது. ஆனால் பில் அச்சிடும் இடம், சரக்குத் திரும்பும் இடம், எக்ஸெல் ரிப்போர்ட் என்று திரும்பிய பக்கமெல்லாம் 0.12 என்று கையால் அடித்திருந்தது. பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தேடித் தேடி மாற்றினார்கள்.

காலையில் அண்ணன் வந்தார். “இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கறேன். ‘ரேட் புரொவைடர்’னு ஓர் இன்டர்ஃபேஸ் போட்டிருக்கணும்.”

தூக்கம் நிறைந்த கண்ணோடு ஒரு பெண் நிமிர்ந்தாள்.

“இருக்குண்ணா. நீங்கதான் போட்டிருக்கீங்க. அதை யாருமே கூப்பிடல.”