வேனிற்காலப் பாட்டு வரிசை: அம்பர்நாத் லோக்கல் பிரயாணிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் வகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று சொல்லிக்கொண்டே வந்து, யாழையும் அந்த ஜாபிதாவில் மறவாமல் சேர்த்திருக்கிறார். ஆகவே, எந்தப் பொழுதுக்கு எந்த இசை பொருந்தும் என்ற விசாரணையைச் செல்போன் கம்பெனிக்காரர்கள்தாம் தொடங்கிவைத்தார்கள் என்று எண்ணுவோர் நம் பூர்வீகர்களுக்குப் பெரிய அநீதி இழைத்தவராவர். பாலைத் திணைக்கு அவர் விதித்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. (பின்பனிக்காலத்தையும் அதற்கு ஒதுக்கியிருக்கிறார், பம்பாய்ப் பக்கத்தில் பனியைக் கண்டதாகச் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வராமையால் அதை இங்கே விட்டுவிடுகிறோம்.) கோடைக்கென்று ஒருவன் தன் சொந்த உபயோகத்திற்காகத் தொகுத்துக்கொள்ளும் பாட்டு வரிசை, அதாவது இக்காலத்தார் பிளேலிஸ்ட் என்று வழங்குவது, வெப்பத்தைத் தணிக்கும் உபாயமன்று, பிரிவை அளக்கும் கருவியே என்பதை நிறுவுவதுதான் இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இதற்கு அம்பர்நாத் எல்லா வகையிலும் உத்தமமான க்ஷேத்திரம். சக வருஷம் 982-இல், அதாவது கி.பி. 1060-இல், சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த சிவாலயம் இங்கே இருக்கிறது. அதன் கருவறை தரைமட்டத்துக்குக் கீழே, படியிறங்கிச் செல்லும் ஆழத்தில் அமைந்திருப்பதால், மே மாதத்து மத்தியானத்தில் அங்கே நெடுநேரம் கண்மூடி நிற்பவர் அனைவரும் தியானத்தின் பொருட்டுத்தான் நிற்கிறார்கள் என்று துணிந்து கூறுவதற்கில்லை. கொலாபாவாசிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் கடற்காற்று, தாணேயைக் கடந்து இத்தனை தூரம் வருவதற்குள் களைத்துப்போகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சொன்னதற்கு நேரான உதாரணம் வேண்டுவோர், ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று, ஆவணியில் பச்சைப் பசேலென்றிருந்த ஹாஜி மலங் மலை சித்திரையில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பாலைக்குரிய ஆறலை கள்வர் எங்கே என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு: மூவர் அமரும் பலகையில், கல்யாணில் ஏறி, ‘ஜரா சரகோ’ என்ற ஒரே சொல்லாயுதத்தால் நான்காவது ஸீட்டை உண்டாக்கி, நம் தொடையில் பாதியை அபகரித்துக்கொள்பவரை வேறு எந்த வகையில் சேர்ப்பது?

இனிப் பூர்வபக்ஷத்தைக் கூறுவோம். கோடைப் பாட்டு குளிர்ச்சி தர வேண்டும், ஆகவே மழையையும் நிலவையும் அருவியையும் பற்றிய பாட்டுகளே அதற்கு உரியவை என்பது ஒரு சாராரின் கட்சி. இவர்களுடைய பரம பிரமாணம் முத்துஸ்வாமி தீக்ஷிதர்; எட்டயபுரத்துச் சீமை வறண்டு கிடந்ததைக் கண்டு மனமிரங்கி அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை பொழிந்தது என்பது கர்ண பரம்பரை. இரண்டாவது பிரமாணம் 1988-இல் வந்த மணிரத்னத்தின் படம். பெயர் ‘அக்னி நட்சத்திரம்’ என்றிருக்க, அதில் யேசுதாஸும் ஜானகியும் சேர்ந்து பாடும் பாட்டை இளையராஜா அமிர்தவர்ஷிணியில் அமைத்தார் என்பதைக் காட்டி, வெப்பத்துக்கு அந்த ராகமே மருந்து என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மே மாதம் முழுவதும் அம்பர்நாத் லோக்கலில் எத்தனையோ செவிகளில் அந்த ராகம் ஒலித்தும், வானிலை இலாகா பருவமழைக்குரிய தேதியை முன்னே இழுத்ததாகச் சரித்திரமில்லை. மாறாக, மும்பைக்கு ஜூன் 10 என்றிருந்ததை 2020-இல் ஜூன் 11 ஆக்கி, ஒரு நாள் பின்னுக்கே தள்ளிவிட்டது. பிரத்தியட்சத்துக்கு விரோதமான ஆகமம் செல்லாது என்பது தர்க்க சாஸ்திரம் படித்தவர் அறிந்ததே.

செம்பூர்க் கட்சி என்று ஒன்றும் உண்டு. செம்பூரில் பிறந்த சங்கர் மகாதேவன் 1998-இல் இடையே மூச்சு விடாததுபோலப் பாடிப் புகழ்பெற்ற ஹிந்திப் பாட்டை அவர்கள் வரிசையின் உச்சியில் வைக்கிறார்கள். டோம்பிவ்லியைத் தாண்டிய வண்டியில் நமக்கும் மூச்சு விட இடமிராது என்ற அளவில் அது யதார்த்தம் குன்றாத தேர்வுதான். தாராவி இளைஞர்கள் தங்கள் பேட்டையிலிருந்து கிளம்பிய ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவினரின் ராப்பை, 2018-இல் ‘காலா’ படத்தில் அது சேர்ந்த பெருமையோடு, ஸ்பீக்கரிலேயே வைத்துக் கேட்கிறார்கள். பெட்டியில் உள்ள மற்ற எழுபது பேருக்கும் தனியாகப் பாட்டு வரிசை தேவையில்லாமல் செய்துவிடும் அந்தப் பரோபகாரத்தைத் தனிக் கட்டுரையில்தான் ஆராய வேண்டும்.

சித்தாந்தம் வருமாறு. பாலையின் பிரிவுகளுள் பொருள்வயிற் பிரிவே தலையாயது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களும், பாலக்காட்டிலிருந்து சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் கற்று மாதுங்காவில் இறங்கியவர்களும், பின்னர் வாடகை ஏற ஏறக் கிழக்கே நகர்ந்து டோம்பிவ்லி, கல்யாண், அம்பர்நாத் என்று குடியேறிய அவர்கள் சந்ததியாரும், இலக்கண சுத்தமாகப் பொருள்வயிற் பிரிந்தவர்களே. அவர்களுடைய செல்போனை வாங்கிப் பாருங்கள். 1987-இல் வந்த ‘நாயகன்’ கதை நடப்பது பம்பாயில். ஆனால் அதில் நம்மவர் தேர்ந்து வைத்திருக்கும் பாட்டு தென்பாண்டிச் சீமையைப் பற்றியது. 1995-இல் பம்பாயின் பெயரையே தாங்கி வந்த படத்தில், பம்பாயில் வளர்ந்த ஹரிஹரன் பிரிவாற்றாமை பாடும் காட்சியை எடுத்ததோ காசர்கோட்டுப் பக்கத்துப் பேக்கல் கோட்டையில். இரண்டும் எல்லா வரிசையிலும் இருக்கின்றன. மழைப் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை இருக்கின்றன.

மேலும், இந்த வரிசை உண்மையில் கோடையில் பிறப்பதே இல்லை. ரயில்வேயார் 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்த பிறகு, மே மாதத்து ஊர்ப் பயணத்துக்கு மார்ச்சிலேயே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்தாக வேண்டும். காலை எட்டு மணிக்குப் பதிவு திறந்து, பணம் கட்டும் சக்கரம் சுழன்று, ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று விழுந்த அந்தக் கணத்தில்தான் முதல் பாட்டு வரிசையில் சேர்கிறது. பழந்தமிழ்த் தலைவி பிரிந்தவன் வரும் நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணினாள். நம் தலைவன் பி.என்.ஆர். எண்ணைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். வெயிட்டிங் லிஸ்ட் நூறுக்கு மேல் என்றால் டி.எம்.எஸ். சோகப் பாட்டுகள் பெருகுவதையும், ஆர்.ஏ.சி. ஆனதும் எஸ்.பி.பி. மெல்லத் தலைகாட்டுவதையும், கன்ஃபர்ம் ஆன அன்று தேவாவின் கானா நுழைவதையும் அவதானித்தோம்.

எத்தனை பாட்டு வேண்டும் என்பது அடுத்த விஷயம். பிலிப்ஸ் கம்பெனியார் 1963-இல் கையடக்க ஒலிநாடாவைக் கொண்டுவந்த பின், ரிக்கார்டிங் கடைக்காரரிடம் நீளத் தாளில் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்துகொள்வது நம்மவர் சம்பிரதாயமாயிற்று. ஸி-90 கேஸட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம், ஏறத்தாழப் பத்துப் பாட்டு, பத்தாவது பாட்டின் கடைசிச் சரணம் நாடா தீர்ந்து பாதியில் நின்றுவிடும், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போடுவதும் சம்பிரதாயத்தில் அடக்கம். அந்த நிர்ப்பந்தம் இருந்தமையால் ஒவ்வொருவனும் தன் ஆசைகளில் எதைக் கைவிடுவது என்று யோசித்தான். இன்றைய செல்போனுக்கு எல்லையில்லாததால் நானூறு பாட்டைச் சேர்த்துவிட்டு, எப்போதும் முதல் ஆறையே கேட்கிறான். அம்பர்நாத்திலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பிரயாணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆக, ஸி-90-இன் அளவும் மத்திய ரயில்வேயின் அளவும் ஒன்றே என்ற அபூர்வமான ஒற்றுமையைக் கண்டு, இருபது பாட்டே உத்தம சங்கியை என்று நிர்ணயிக்கிறோம்.

வரிசைக் கிரமத்துக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பத்ததியைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் மாதுங்காவாசிகள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். அம்பர்நாத் முதல் கல்யாண் வரை வர்ணம், கல்யாண் முதல் தாணே வரை உருப்படிகள், தாணேக்குப் பின் பிரதான ராகம், தாதரில் துக்கடா, மஸ்ஜித் வந்ததும் மங்களம். தனி ஆவர்த்தனத்தைத் தண்டவாளமே வாசித்துவிடுகிறது. அது தொடங்கியதும் ரசிகர்கள் கூட்டமாக எழுந்து காபிக்குப் போவதென்ற மாதுங்கா ஆசாரமும் இங்கே பிசகாமல் நடக்கிறது: சரியாக அந்த இடத்தில் காட்கோபர் வந்து, மெட்ரோ பிடிப்பவர்கள் எழுந்து போகிறார்கள். ‘புடீல் ஸ்தானக்’ என்றும் ‘அக்லா ஸ்டேஷன்’ என்றும் இடையிடையே எழும் அம்மையாரின் குரலை, பக்கத்து நாற்காலி ரசிகரின் ‘பலே’ என்று கொள்க. பஜனி மண்டளியார் தாளமும் டோல்கியுமாகப் பெட்டியில் ஏறிவிட்டால் மட்டும் இயர்போனைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவதே விவேகம்; அவர்களை வென்ற யந்திரம் இன்னும் செய்யப்படவில்லை.

ஒரே ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. வீட்டில் அனைவருக்கும் ஒரே கணக்கு. விடியற்காலையில் பாட்டியார் கேட்கும் கந்த சஷ்டி கவசம், யந்திரத்தின் அதிகப்பிரசங்கத்தால், எவ்வளவு நீக்கினாலும் கோடை வரிசைக்குள் தானாக வந்து நுழைகிறது. இதை வழு என்று தள்ளவே முதலில் எண்ணினோம். ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கவசம் இருபது நிமிஷத்தை ஒட்டியது. அம்பர்நாத்தில் தொடங்கினால் டோம்பிவ்லியில் முடிகிறது. விழி, செவி, நாசி, தோள், இடுப்பு, முழங்கால் என்று அங்கம் அங்கமாகக் காவல் வேண்டும் அந்தத் துதி எங்கே முடிகிறதோ, அங்கேதான் டோம்பிவ்லிக் கூட்டம் அதே அங்கங்களை ஒன்று விடாமல் பரிசோதிக்க ஆரம்பிக்கிறது. ஆகவே கவசம் முதலிலும், வர்ணம் அதன் பின்னும், எஞ்சிய அங்கங்களைப் பொறுத்து மற்றவையும் வருவதே முறை.