இருபது டன் பொருள்விளங்கா உருண்டை

அக்கா மகன் மேல் இருக்கும் கோபம் ஆற எனக்கு இன்னும் நாளாகும். “மாமா, ‘1899’ பாருங்க. ‘டார்க்’ எடுத்த அதே ஜோடி. மிஸ் பண்ணவே கூடாது” என்றான். பார்த்தேன். எட்டு எபிசோடு. நியூயார்க் போகும் ஒரு கப்பல், ஆளுக்கொரு பாஷை பேசும் பயணிகள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ரகசியம். கட்டிலுக்கடியில் புகுந்தால் வேறொரு ஊர். நடுராத்திரி தாண்டி, எட்டாவது எபிசோடின் கடைசி நிமிஷத்தில் கதாநாயகி கண் விழிக்கிறாள். கடலும் இல்லை, கப்பலும் இல்லை. விண்வெளிக்கலம். ஆண்டு 2099. தூக்கமெல்லாம் போய் அடுத்த சீசனைத் தேடினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை. எப்போதோ ஊற்றி மூடிவிட்டார்கள்.

காலையில் போன் போட்டேன். “தெரியும் மாமா. ஆனா செம ஷோல்ல?” என்கிறான்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். முடிவு என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு?

அந்தத் தொடர் வெளியானது 2022 நவம்பர் 17. கார்த்திகை முதல் தேதி. அன்று ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மகரஜோதி பார்த்துவிட்டு ஊர் திரும்புவதற்கு முன்பே, ஜனவரி 2ஆம் தேதி ‘இனி கிடையாது’ என்று நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். மூன்று சீசனுக்குக் கதை யோசித்து வைத்திருந்தார்களாம். யோசித்து என்ன செய்ய?

நல்ல தொடர்கள் மட்டும் ஏன் பாதியில் நிற்கின்றன என்பதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் கடலை விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் ‘ஜெரிக்கோ’ என்றொரு தொடர் 2006இல் வந்தது. நகரங்கள் மேல் அணுகுண்டு விழுந்தபின் கான்சஸில் ஒரு சின்ன ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது கதை. முதல் சீசன் முடிவில் பக்கத்து ஊர்க்காரன் படையோடு வந்து சரணடையச் சொல்கிறான். கதாநாயகன் ‘நட்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் மறுக்கிறான். சண்டை ஆரம்பிக்கிறது. 2007 மே மாதம் சேனல் தொடரை நிறுத்திவிட்டது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சேனல் அலுவலகத்துக்கு நிலக்கடலை அனுப்பினார்கள். ஒரு பொட்டலம், இரண்டு பொட்டலம் இல்லை. சுமார் இருபது டன்! சேனல் மிரண்டுபோய் இன்னும் ஏழு எபிசோடு எடுத்தது. 2008இல் அதை ஒளிபரப்பிவிட்டு மறுபடியும் நிறுத்தியது. இருபது டன் கடலைக்கு ஏழு எபிசோடு என்றால் எபிசோடுக்கு மூன்று டன் அடக்கவிலை.

இவர்களுக்கு முன்பே ‘ராஸ்வெல்’ ரசிகர்கள் டபாஸ்கோ மிளகாய்ச் சாறு பாட்டில் பாட்டிலாக அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் வேற்றுக்கிரகவாசிகளுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. ‘சக்’ ரசிகர்கள் 2009இல் விளம்பரதாரர் கடைக்குப் போய் சாண்ட்விச் வாங்கி, தாங்களே தின்று போராடினார்கள். அதற்கும் பலன் கிடைத்தது, தொடர் தப்பித்தது. ‘தி ஓஏ’ 2019இல் நின்றபோது ஒரு ரசிகர் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி வாசலில் உண்ணாவிரதமே இருந்தார். பலன் பூஜ்யம். தின்று போராடினால் ஜெயம், பட்டினி கிடந்தால் தோல்வி. காந்தியை வணங்கும் நமக்கு இதைவிட அதிர்ச்சி வேறென்ன?

சரி, ‘1899’க்கு நாம் என்ன அனுப்பலாம்? கப்பல் கதையாயிற்றே, கருவாடுதான் முதலில் தோன்றியது. வாசனையில் கலிபோர்னியாவே கலங்கும். சுங்க இலாகா விடாது. முறுக்கு, தட்டை எல்லாம் போகிற வழியில் நொறுங்கி, பெட்டியைத் திறக்கும்போது பொடியாக இருக்கும். அதிரசம் பூசணம் பூக்கும். அப்போதுதான் பொருள்விளங்கா உருண்டை ஞாபகம் வந்தது. எட்டு எபிசோடும் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் கிடையாது. கெடாது, உடையாது. மேலதிகாரி ஒருவர் ஆசைப்பட்டுக் கடித்தால், அதன்பின் பல் டாக்டரைத் தவிர யாரையும் நினைக்க மாட்டார். அமெரிக்காவில் பல் கட்டும் செலவுக்கு இரண்டு சீசன் எடுத்துவிடலாம் என்பது அவருக்கே தெரியும்.

கணக்குப் போட்டேன். உருண்டை ஐம்பது கிராம் என்றால் இருபது டன்னுக்கு நாலு லட்சம் உருண்டை. எங்கள் குடும்பத்தில் இதைப் பிடிக்கத் தெரிந்தவர் பெரிய அத்தை ஒருவர்தான். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, வெல்லப்பாகு சூட்டோடு இருக்கும்போதே பிடித்தாக வேண்டும். ஆறினால் மாவு உதிரும். அத்தை நாளைக்கு இருநூறு பிடிப்பதாக வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் நாள். ஐந்தரை வருஷம். அதற்குள் கதாநாயகி 2099க்கு நடந்தே போய்விடலாம். “எதுக்குடா இவ்வளவு?” என்று அத்தை கேட்டார். விளக்கினேன். “பாதிக் கதை சொல்றவனுக்குப் பலகாரம் வேற கேடா?” என்று வெல்லத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அத்தோடு விட்டேனா? கொரியர் கடையில் விசாரித்தேன். அமெரிக்காவுக்குப் பொடி, ஊறுகாய், அப்பளம் அனுப்புகிற கடை. “யாருக்கு சார், பையனுக்கா?” “கம்பெனிக்கு.” “என்ன விசேஷம்?” “எதிர்ப்பு.” “அப்ப ஊறுகாயும் சேர்த்து அனுப்புங்க சார், லீக் ஆகாம பேக் பண்ணித் தர்றோம்” என்றார். எவ்வளவு எடை என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார். முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார்.

காரணத்துக்கு வருகிறேன். 1982இல் ஏபிசி சேனலில் ‘போலீஸ் ஸ்குவாட்’ என்று வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த தொடர் ஆறே எபிசோடில் நின்றது. சேனல் நிர்வாகி சொன்ன காரணம்: ரசிக்க வேண்டுமானால் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறதாம்! டிவி தொடரைப் பார்க்க வேண்டியிருப்பது ஒரு குற்றம். அதே ஆட்களின் அதே கோமாளித்தனம் 1988இல் ‘தி நேக்கட் கன்’ என்று சினிமாவாக வந்து ஓடு ஓடென்று ஓடியது. தியேட்டரில் கதவைச் சாத்திவிடுகிறார்களே, பார்க்காமல் என்ன செய்வது?

நம் ஊர் ‘கோலங்கள்’ சீரியல் 2003 முதல் 2009 வரை, 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டோம். பின்னணி இசை உறுமினால் ஆதி வந்திருக்கிறான், வயலின் அழுதால் அபிக்கு ஏதோ ஆகிவிட்டது. அவ்வளவுதான். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் கதை நமக்காகக் காத்திருக்கும். அந்த மரியாதையை எந்த வெளிநாட்டுத் தொடர் நமக்குத் தந்திருக்கிறது?

இன்னொரு கூத்து. ஃபாக்ஸ் சேனல் 2002இல் ‘ஃபயர்ஃபிளை’யின் முதல் எபிசோடைக் கடைசியாக ஒளிபரப்பியது. எடுத்தது பதினான்கு, நிறுத்துவதற்கு முன் காட்டியது பதினொன்று. யார் எவர் என்றே சொல்லாமல் கதையை ஓட்டிவிட்டு, ஜனங்களுக்குப் புரியவில்லை என்று நிறுத்தியும்விட்டார்கள். ‘குளோ’ கதை இன்னும் மோசம். நாலாவது சீசன் உண்டு என்று நெட்ஃபிளிக்ஸ் அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கி, கொரோனா வந்து, 2020 அக்டோபரில் இல்லை என்று கைவிரித்தது. பந்தியில் உட்காரவைத்து இலையை உருவுவது இதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். வந்த முதல் சில வாரங்களில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பதுதான் கணக்காம். நீங்களும் நானும் ‘முழுசா வரட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று இருப்பதால்தான் நிறுத்துகிறார்களாம். நன்றாக இருக்கிறது நியாயம்! நிறுத்துவார்கள் என்ற பயத்தில்தானே காத்திருக்கிறோம்?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது ‘மைண்ட்ஹன்டர்’. 2017இல் ஒரு சீசன், 2019இல் ஒரு சீசன். நடுநடுவே விச்சிட்டா பக்கம் கண்ணாடி போட்ட ஒரு ஆசாமியைக் காட்டிக்கொண்டே வருவார்கள். பிடிகே என்ற பெயரில் பத்துப் பேரைக் கொன்ற நிஜக் கொலைகாரன் அவன். இதோ பிடிக்கப்போகிறார்கள் என்று நாம் காத்திருக்கும்போதே தொடர் நின்றுவிட்டது. செலவு அதிகம், அதற்கேற்ற கூட்டம் இல்லை என்று அதை எடுத்த டேவிட் ஃபின்ச்சரே சொல்லிவிட்டார். நிஜத்தில் முதல் கொலை நடந்தது 1974இல். அவனைப் பிடித்தது 2005இல், அவனே போலீசுக்கு அனுப்பிய ஒரு ஃபிளாப்பியை வைத்து. முப்பத்தொரு வருஷம் ஆகியும் விச்சிட்டா போலீஸ், பட்ஜெட் இல்லை, பார்ப்பதற்கு ஆள் இல்லை என்று கேஸை மூடவில்லை. ஆயுசு முழுக்கப் போலீசைத் திட்டியே பழகிய என்னை, அதுவும் அமெரிக்கப் போலீசை, இப்படி எழுதிப் பாராட்ட வைத்துவிட்டார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.