பேர் போகாத போராட்டம்

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்து நோர்வூட்டுக்கு வரப்போகிறார் என்றதும், கறுப்புக்கொடி ஏற்றுங்கள் என்றார் நாடாளுமன்ற உறுப்பினர் விமல் வீரவன்ச. திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் இந்தியாவுக்குப் போய்விடும் என்று அப்போது பெரிய கூச்சல். அதே திருகோணமலையில்தான் 1980இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பிரீமாவின் மா ஆலையும் இருக்கிறது. இறம்பொடை லயத்து ரொட்டியின் விலை அங்கே அரைபடுகிறது. அதற்கு யாரும் கொடி கேட்டதாக நினைவில்லை.

நோர்வூட் மேடையில் விருந்தாளி தமக்கும் தேநீருக்கும் தனி உறவு என்றார். பத்தாயிரம் வீடு என்றார். ஒரே கைதட்டல். தேயிலையோடு நமக்கும் உறவுதான், கொழுந்தை நிறுத்துக் கொடுக்கும்வரை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. அதற்குப் பிறகும் நல்ல தூள் ஏலத்துக்கு, கழிவுத்தூள் நம் சாயத்தண்ணிக்கு.

குடிப்பதற்கும் கடிப்பதற்கும் விலை வைப்பவர்கள் மேடை போட்டு வருவதில்லை. வந்தாலல்லவா கொடி காட்டலாம்?

மோடி வந்த வருடம் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாய். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஆகவே கொடிக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த போராட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள் ஐயா. பேர் போனால் மா வாங்க நீங்களா காசு தருவீர்கள்?