அம்பத்தெட்டு அருவாளும் ஒரு வெங்காயமும்

ஏல பேராண்டி, இங்கன வா. உக்காரு. காலேஜ்ல ஏதோ கட்டுரை எழுதச் சொன்னாவளாமே, 'ஓட்டல், சுற்றுலாப் படிப்பை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்'னு? மேசை மேல கெடந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். 'மக்களோடு பழகுவதில் சிறுவயதிலிருந்தே எனக்குப் பேரார்வம்'னு மொத வரி. எந்த மக்களோடலே? போன பொங்கலுக்கு உங்க அத்தை வாசல்ல வந்து நின்னாளே, போன்ல இருந்து தலையைத் தூக்கி 'வாங்க அத்தை'ன்னு சொல்ல உனக்கு எம்புட்டு நேரமாச்சு? அவ செருப்பைக் கழட்டி, காலைக் கழுவி, தண்ணியையும் தானே மோந்து குடிச்சுட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. அப்பவும் உன் பேரார்வம் சார்ஜ் ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு.

கோவிச்சுக்காத. படிப்பைக் குறை சொல்லல. குற்றாலத்துல பொறந்தவன் நான். ஊருக்கு வாரவன் தலையில எண்ணெய் தேய்ச்சு, அவன் வயித்துக்குச் சோறு போட்டு, அவன் பையில இருந்து வாரதுலதான் நம்ம ஊரு பொழைக்கு. ஆனியில சாரல் விழுந்தா மாடியில ரெண்டு ரூமையும் வாடகைக்கு விடுதேன். ஆவணி முடிஞ்சா பூட்டுதேன். நீ மூணு வருசம் பணம் கட்டிப் படிக்க சோலியை நான் சாரத்தைக் கட்டிக்கிட்டு செஞ்சுக்கிட்டிருக்கேன். அதான் வாய் நமநமங்குது.

அந்தப் படிப்புல நாலு பிரிவாமே. வாசல்ல நின்னு சிரிக்கதுக்கு ஃபிரண்ட் ஆபீஸ். கட்டிலை விரிக்கதுக்கு ஹவுஸ்கீப்பிங். சமைக்கதுக்கு ஒண்ணு, சமைச்சதைத் தூக்கிட்டு வாரதுக்கு ஒண்ணு. இதுல சேர அகில இந்தியப் பரீட்சை வேற. உங்க ஆச்சி இந்த நாலையும் ஒத்தை ஆளாப் பாத்தா. நடுவுல மாட்டுக்கும் தண்ணி காட்டுனா. அது எந்தப் பிரிவுல வரும்னு உங்க வாத்தியாரைக் கேட்டுச் சொல்லு.

மொத வருசமே ஒரு கத்திப் பை வாங்கிட்டு வந்தியே. உள்ள வரிசையா கத்தி. எலும்பு வெட்ட ஒண்ணு, ரொட்டி வெட்ட ஒண்ணு, தோல் சீவ ஒண்ணு. உருளைக்கிழங்கைக் கோலிக்குண்டாத் தோண்டி எடுக்க ஒரு கரண்டி. உருளைக்கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு? 'அறுக்கமாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவா'ன்னு சொன்னவன் உன்னைப் பாத்துட்டுத்தான் சொன்னானோ என்னமோ. அம்மை ஒரு வெங்காயம் நறுக்கித் தான்னு கேட்டா. நீ பலகைக்கு அடியில ஈரத்துணி விரிச்சே, கத்தியைத் தீட்டுனே, விரலை நண்டுக்கால் மாதிரி மடக்குனே, நறுக்கப்போற துண்டுக்கு பிரெஞ்சுல பேரும் வச்சே. அதுக்குள்ள ஆச்சி அருவாமணையில அரைக்கிலோ அரிஞ்சு, தாளிச்சு, இறக்கியே வச்சுட்டா.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஈரத்துணி நல்ல புத்தி. பலகை வழுக்காது. விரலை மடக்குனதும் நல்ல புத்தி. ஆச்சியோட இடது கட்டைவிரல்ல நீளமா ஒரு தழும்பு இருக்கே, பாத்திருக்கியா? அவளுக்கு யாரும் சொல்லித் தரல.

சாஸ் கதைக்கு வருவோம். மொத்தம் அஞ்சு தாய் சாஸாம். பெஷமெல், வெலூட்டே, எஸ்பான்யோல், ஹாலண்டைஸ், தக்காளி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கே. சொதி எப்படி வைக்கதுன்னு கேட்டா மேல பாக்கே. தேங்காயை மூணு பால் எடுக்கணும். தண்ணியா இருக்க மூணாம் பால்ல காய் வேகணும். பொறவு ரெண்டாம் பால். கெட்டியான மொதப் பாலைக் கடைசியில ஊத்தி, கொதி வாரதுக்கு முன்னால இறக்கிரணும். கொதிக்க விட்டியோ, திரிஞ்சு போச்சு. இதுல பிரெஞ்சுக்காரன் சாஸுக்குக் கொறைஞ்ச நுணுக்கம் எங்கலே இருக்கு? திருநெல்வேலிப் பக்கம் வந்தா சொதி சாப்பிடணும்னு எங்க இருந்தோ வாரான். அவன் இலையில நீ வெலூட்டே ஊத்துவியோ?

பத்தடி அஞ்சடின்னு ஒரு சட்டம் சொன்னியே, அதை நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. விருந்தாளி பத்தடி தூரத்துல வந்தா கண்ணைப் பாத்துச் சிரிக்கணும். அஞ்சடிக்குள்ள வந்தா வாயைத் திறந்து வணக்கம் சொல்லணும். சரிதான். ஆறடியில நின்னுட்டான்னா? மூச்சைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சமானிக்கே நிக்கணுமோ? நம்ம தெருவுல மொட்டைமாடியில வத்தல் காயப்போடுதவ, பஸ்ஸை விட்டு இறங்குதவனைப் பாத்து அங்கன இருந்தே, 'ஏ மாப்ள, சாப்ட்டியா?'ன்னு கத்துவா. அவளுக்கு எத்தனை அடின்னு சட்டம் போடுவான் உங்க வாத்தியான்?

அளவு தெரிஞ்சு என்ன செய்ய? ஆளைப் பாக்கத் தெரியணும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் வந்து நிக்கு. புருசன் ரெண்டு கையிலயும் பை. பொஞ்சாதி தோள்ல புள்ளை தூங்குது. நீ கவுண்டருக்குப் பின்னால நின்னு, 'குட் ஈவினிங் சார், ஆதார் ப்ளீஸ்'னு நீட்டி முழக்குவே. அவன் எல்லாப் பையையும் கீழ வச்சு, ஒவ்வொரு ஜிப்பாத் திறந்து தேடணும். புள்ளை முழிச்சுரும். அழும். பொறவு அந்த வராந்தாவுல எவனும் தூங்கமாட்டான். மொதல்ல ரூமைத் திற. புள்ளையைப் படுக்கப் போடட்டும். அதுக்குப் பொறவு நோட்டுல பேரு எழுது. ஆதார் எங்கயும் ஓடிப்போகாது. அப்புறம் அந்த வெல்கம் டிரிங்க். கோயம்புத்தூர்ல இருந்து வழிநெடுக வாந்தி எடுத்துக்கிட்டு வந்தவனுக்கு, கலர் தண்ணியில காகிதக் குடையை நட்டுக் குடுக்கே. அவன் கேக்கது ஒரு வாளி வெந்நி.

உன் புஸ்தகத்துக்குள்ள ஒரு அச்சடிச்ச தாள் மடிச்சு வச்சிருந்தே. உங்க அக்கா எனக்கு வாசிச்சுச் சொன்னா. 2008 நவம்பர்ல பம்பாய் தாஜ் ஓட்டலுக்குள்ள துப்பாக்கியோட புகுந்தானுவல்லா, அப்போ அங்க வேலை பாத்தவுக ஓடலையாம். வந்தவுகளைப் பத்திரமா வெளிய அனுப்பப் பாத்திருக்காவ. அதுல சில பேரு செத்தும் போனாவ. இது எப்படி முடிஞ்சுதுன்னு ஹார்வர்டுல ஆராய்ச்சி பண்ணி 2011-ல எழுதியிருக்காவ. என்ன எழுதியிருக்கு? அந்த ஓட்டல்காரவுக ஆள் எடுக்க பெரிய பட்டணத்தை விட்டுட்டுச் சின்ன ஊராப் பாத்துப் போவாவளாம். சென்னைக்குப் பதிலா திருச்சி, கோயம்புத்தூர்னு. பெரியவங்களை மதிக்கானா, சிரிச்ச முகமா இருக்கானா, வீட்டுல தேவை இருக்கப் பயலான்னு பாப்பாவளாம். கேட்டியா? எதைத் தேடி அவன் இங்கன வாரானோ, அதை ஊருலயே கழட்டிப் போட்டுட்டு நீ சென்னைக்கு ரயிலேறுதே. தாளுல மஞ்சள் மையில கோடு வேற போட்டிருக்கே. கோடு போட்டவன் வாசிச்சியா?

ஆச்சி காலத்து உபசாரம்னு நான் ரொம்பத்தான் அளக்கேன்ல? அதோட மறுபக்கத்தையும் நானே சொல்லிருதேன். நீ கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்குக் கேவலம். வீட்டுக்கு ஒருத்தன் வந்தா மூணு கேள்வி கேப்போம். எந்தூரு? யாரு மக்க? எந்தத் தெரு? மொத ரெண்டும் சும்மா. மூணாவதுலதான் எல்லாம் இருக்கு. அவன் பதிலைப் பொறுத்துத்தான் அவனுக்கு நடுவீடா, திண்ணையா, இல்ல தொழுவத்துக்குப் பக்கமா, செம்பா, சிரட்டையான்னு முடிவாகும். டீக்கடையில தனி கிளாஸ் தொங்குச்சு. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக்கடையிலயே சாதி பாத்துத்தான் தனித்தனியா உக்கார வச்சிருந்தான். 1941-லதான் அது ஒழிஞ்சது. இந்த லட்சணத்துல 'வந்தாரை வாழவைப்போம்'னு மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சோம். உன் படிப்புல அந்த மூணாவது கேள்வி இல்ல. ரூம் நம்பரை மட்டும்தான் கேக்கே. அந்த இடத்துல உன் டைக்கு முன்னால என் மீசை தாழ்ந்துதான் நிக்கணும்.

ரொம்பப் பூரிக்காத. நீங்களும் செருப்பைப் பாத்துத்தான சிரிக்கீக? சென்னையில ஒரு கிளப்புல வேட்டி கட்டி வந்த ஐகோர்ட் நீதிபதியையே உள்ள விடமாட்டேன்னுட்டான். வேட்டிக்காரனை வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னு 2014-ல சட்டசபையில சட்டம் போட வேண்டியதாச்சு. தமிழ்நாட்டுல! மூணாவது கேள்வியை நாங்க வாயால கேட்டோம். நீங்க கண்ணால கேக்கீக.

சுற்றுலாப் பாடத்துக்கு வா. இப்போ இடத்தைக் காட்டுனாப் பத்தாதாம், 'எக்ஸ்பீரியன்ஸ்' விக்கணுமாம். கயித்துக்கட்டில்ல படுக்கது எக்ஸ்பீரியன்ஸ். கம்மங்கூழ் குடிக்கது எக்ஸ்பீரியன்ஸ். கெணத்துல தண்ணி இறைக்கது பெரிய எக்ஸ்பீரியன்ஸ், அதுக்குத் தனி சார்ஜ். நான் பொறந்ததுல இருந்து சும்மாவே இறைச்சுக்கிட்டிருக்கேன். ஒரு பய போட்டோ எடுக்கல. ஊர்ப் பெருமை சொல்ல உனக்கு பவர்பாயிண்ட் வேணும். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில ஒரு குறத்தியை நிறுத்தி எங்க மலை வளத்தைச் சொல்ல வச்சாரு. பதினெட்டாம் நூற்றாண்டுல. கையில பிரௌச்சர் கெடையாது, கோல்தான். மலையையும் சொன்னா, கையைப் பாத்துக் குறியும் சொன்னா. இதைத்தான் நீங்க 'வேல்யூ ஆடட் சர்வீஸ்'ங்கீக.

ரசிகமணி டி.கே.சி. கதையாவது வகுப்புல சொன்னாவளா? சொல்லியிருக்கமாட்டாவ. வக்கீலுக்குப் படிச்ச மனுசன். இங்கன குற்றாலத்துல வந்து இருந்தாரு. ராஜாஜி வாராரு, கல்கி வாராரு. அருவியில குளி, பசியோட வா, இலையில உக்காரு. சாப்பாட்டுக்குப் பொறவு கம்பன். பாட்டைக் கேக்க வந்தவன் சாப்பாட்டையும், சாப்பிட வந்தவன் பாட்டையும் கூட்டிக்கிட்டுப் போனான். செக்-அவுட் எத்தனை மணின்னு ஒருத்தரும் கேட்டதில்ல. 'விருந்தும் மருந்தும் மூணு நாள்'னு ஊருல சொல்லுவோம். அந்த வீட்டுல அந்தக் கணக்கும் செல்லுபடியாகலை.

இப்போ, உன் கட்டுரையில இல்லாததை நான் சொல்லுதேன். மத்தவன் லீவுதான் உனக்கு வேலை நாள். தீவாளிக்கு நீ இங்க இருக்கமாட்டே. எவன் வீட்டுப் புள்ளைக்கோ அல்வா வச்சுக்கிட்டிருப்பே. பிரேக் ஷிஃப்டுன்னு ஒண்ணு உண்டாம். காலையில வேலை, மத்தியானம் போக்கிடம் இல்லாம அலையணும், சாயங்காலம் திரும்ப வேலை. டிரெயினிங்குன்னு அனுப்புவான். செஃப் தாமு மாதிரி டிவியில நிக்கலாம்னு நினைச்சுப் போனவன் மூட்டை மூட்டையா வெங்காயம் உரிப்பான். கப்பல் வேலைன்னு விளம்பரத்துல நீலக் கடலைக் காட்டுதான். கப்பல்ல வேலைக்காரனுக்குக் கெடைக்கது அடித்தட்டுல சன்னல் இல்லாத அறை. வேண்டாம்னு சொல்லல. தெரிஞ்சுக்கிட்டுப் போ. 2020-ல கொரோனா வந்துச்சே, பாத்தியா? அருவி அது பாட்டுக்குக் கொட்டுச்சு. குளிக்க ஆள் விடல. எண்ணெய் தேய்க்கவன், ரம்புட்டான் விக்கவன், பஜ்ஜி போடுதவன், நான், எல்லாரும் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தோம். அடுத்தவன் கையில காசும் லீவும் இருந்தாத்தான் நம்ம அடுப்புல புகை வரும்.

இன்னொரு பாடம், ரிஸ்க் மேனேஜ்மெண்ட். அதை மட்டும் நான் கேலி பண்ணமாட்டேன். 2024 மே மாசம், பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சுட்டுப் போயிட்டு. சீசனே இல்ல அப்போ. கீழ நிக்கவனுக்கு மேல மலையில மழை பெய்யது தெரியாது. தண்ணி கலங்குனா, சருகும் குச்சியும் சேந்து வந்தா, சத்தம் கனத்தா, சோப்பை விட்டுட்டு வெளிய வந்துரணும். இதை ரூமுக்கு வாரவன்கிட்ட சாவி குடுக்கும்போதே சொல்லணும். மலை கருத்திருந்தா, 'சார், இன்னைக்குப் போகாதீங்க'ன்னு நேரா சொல்லணும். அவன் மொகத்தைச் சுளிப்பான். காசைத் திருப்பிக் கேப்பான். போனில நட்சத்திரத்தைக் கொறைச்சுப் போடுவான். போடட்டும்.

சரி, லீவுக்குத்தான வந்திருக்கே? சனிக்கிழமை மதுரையில இருந்து ஒரு வேன் நிறைய ஆள் வருது. அதுல ஒரு வயசான அம்மாவுக்குப் படி ஏற முடியாதாம், கீழ என் ரூமைக் குடுத்தாச்சு. நான் திண்ணையில படுத்துக்குவேன். நீயும்தான். மாடிக் குழாய் ஒழுகுது, கடைக்குப் போயி வாஷர் வாங்கிட்டு வா. துண்டுல அன்னப்பறவை செய்யப் படிச்சிருக்கேன்னு சொன்னியே, கட்டிலுக்கு ஒண்ணு செஞ்சு வை. புள்ளைக சந்தோசப்படும். பாத்து முடிச்ச பொறவு அதையே பிரிச்சுத் துடைச்சுக்கச் சொல்லு. வீட்டுல வேற துண்டு இல்ல.