வழக்கம் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா உண்டு. கல்யாண மண்டபத்தின் முதல் வரிசையில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். தட்டில் வெற்றிலை நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முதல் தாம்பூலம் எந்த மாமனுக்கு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏன் என்று கேட்டால், "நம்ம வழக்கம் அப்படித்தான்" என்பார். அதோடு கேஸ் தள்ளுபடி.

அவர் சொல்லும் ஆதிகாலம் பெரும்பாலும் அவருடைய பத்து வயதில்தான் தொடங்குகிறது. பாரம்பரியச் சமையல் என்று அவர் மெச்சும் சாம்பாரில் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த பிறகே இங்கு வந்து சேர்ந்தவை. திவசச் சமையல் மட்டும் இதை மறக்கவில்லை. பல வீடுகளில் அன்றைக்கு மிளகுதான். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று காலண்டரைக் காட்டி யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார். பகலை எட்டாக வகுத்த கணக்கு அது. சூரியன் ஆறு மணிக்கு உதித்தால்தான் சரிவரும். சென்னையில் தை மாதம் ஆறரைக்குத்தான் உதிக்கிறது. அவருடைய கைக்கடிகாரமோ 1906-இல் நடைமுறைக்கு வந்த, மிர்சாப்பூர்ப் பக்கத்துத் தீர்க்கரேகையை ஒட்டிய நேரத்தில் ஓடுகிறது. பாவம் ராகு, உத்தரப் பிரதேசம் சுற்றி வரவேண்டியிருக்கிறது! தாலி கட்டுவதற்கு முந்தின நாள் மாலையே தம்பதியை மேடையேற்றி வாழ்த்தும் ரிசப்ஷனை அவர் ஆட்சேபித்ததே இல்லை. மண்டப வாடகை என்றால் சாஸ்திரம் வாய் திறப்பதில்லை.

அப்படியானால் இந்த வழக்கங்களை மூட்டை கட்டிவிடலாமே என்பவர்கள், முந்நூறு பேர் முன்னிலையில் எந்தத் தாய்மாமன் முதலில் மாலை போடுவது என்று வாக்கெடுப்பு நடத்திப் பார்க்கட்டும். பழசோ புதுசோ, சண்டை மூளாமல் காரியத்தை நகர்த்தும் வரை வழக்கத்துக்கு வேலை இருக்கிறது. பெரியப்பா அதைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். 'இன்றைக்கு ஒன்றை விட்டால் நாளைக்கு எல்லாம் போய்விடும்' என்ற அவர் பயத்தில்தான் சாரமில்லை. நாலைந்து நாள் கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியபோது அவரும் அழவில்லை. விட்டுக்கொடுத்ததெல்லாம் சௌகரியத்துக்காக, விடாமல் பிடித்திருப்பது யார் தலையில் விடிகிறது என்பதே கேள்வி. கணவனை இழந்த தாய், பெற்ற மகன் தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிறாளே, அங்கேதான் அவர் இம்மியும் அசைவதில்லை. ஆகவே பந்தி மேற்பார்வை, மாமன்மார் வரிசை, வெற்றிலைத் தட்டு எல்லாவற்றையும் அவரிடமே விடுங்கள். அந்தத் தாயைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருவதை மட்டும் அவரைக் கேட்காமல் செய்யுங்கள்.