எங்கள் ஊர் மூக்குக்கு இணை உண்டா?

ஆனி மாதம் ஊத்தங்கரைப் பழக்கடையில் மாம்பழம் பொறுக்கும் பாட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறமாட்டார்கள். பழத்தைத் திருப்பி, காம்புப் பக்கத்தை மூக்கருகே வைத்து ஒரே இழுப்பு. ‘கல்லு வச்சுப் பழுக்க வச்சது’ என்று கூடையில் திரும்பப் போட்டுவிடுவார்கள். கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை எங்கள் ஊரில் தினமும் அமல்படுத்துவது இந்த மூக்குகள்தான்.

மண்ணை மோப்பம் பிடிப்பதிலும் எங்கள் மூக்கு கெட்டி. மழை விழுந்ததும் எழும் வாசனைக்குக் காரணம், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். லட்சம் கோடியில் ஐந்து பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் அடித்துக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு வந்த சேற்று வாடையையும் அது தவறாமல் சொன்னது. சில நாளில் நாங்கள் அதற்கும் பழகிக்கொண்டோம்.

இப்படிப் பழகுவதில்தான் மூக்கின் உச்சகட்டத் திறமை இருக்கிறது. மூக்கின் மேற்கூரையில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் வெளிக்காற்றைத் தொட்டபடி இருக்கின்றன. அவற்றின் ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள். வாசனை மூலக்கூறு வந்து ஒட்டியதும் செய்தி சல்லடை எலும்பின் துளைகள் வழியே மூளைக்குள் ஏறும். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற மூளைப் பகுதியில் நின்று அனுமதி வாங்கிக்கொண்டு போகும்போது, வாசனை மட்டும் அச்சத்தையும் அருவருப்பையும் ஆளும் அமிக்டலாவுக்கு நேரே போய்விடும். அதனால்தான் நாற்றம் வந்ததும் யோசிக்காமலே முகம் சுளிக்கிறது.

ஆனால் அதே வாசனை நீடித்தால் செல்கள் சில நொடிகளிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மூளையும் அதைக் கணக்கில் எடுக்காது. புது வாசனை வந்தால் பிடிக்க வேண்டுமே, அதற்காக. திறந்த சாக்கடை ஓரத்து டீக்கடையில் வெளியூர்க்காரர் கைக்குட்டையைத் தேடுகிறார். நாங்கள் இரண்டாவது டீ சொல்கிறோம். என்ன பக்குவம்!

கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க இந்தப் பக்குவம் இருக்கிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நீர் திறக்கும்போது வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கும். முதல்முறை பார்ப்பவர் மூக்கைப் பொத்துவார். ஆற்றோரம் குடியிருப்பவர் நாற்று நடப் போய்விடுவார். அதே ஆறு கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி எங்கள் பக்கம் அனுமன்தீர்த்தத்துக்கு வருகிறது. நாங்கள் அதில் தலை முழுகுகிறோம்.

இந்தப் பக்குவத்தை விளங்கிக்கொள்ள மூளையின் இரு பாதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது கையை இடது மூளை ஆள்கிறது. வாசனை மட்டும் பெரும்பாலும் பக்கம் மாறாது, வலது நாசிக்குப் போவது வலது மூளைக்கே போகும். வலிப்பு நோய்க்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்டவர்களை வைத்து ரோஜர் ஸ்பெர்ரியின் குழு 1969-இல் இதைக் காட்டியது. வலது நாசியில் ஒரு வாசனையைக் காட்டினால் அவர்களால் பெயர் சொல்ல முடியவில்லை, பேச்சு இடது மூளையில் இருப்பதால். ஆனால் இடது கை அந்த வாசனைக்குரிய பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது. அறிந்தும் வாய் திறக்காத இந்த ஆற்றல் அவர்களுக்கு அறுவை சிகிச்சையால் வந்தது. எங்களுக்கோ நரம்புப் பாலம் முழுசாக இருக்கும்போதே வாய்த்திருக்கிறது. நாற்றம் என்று தெரியும். கிராமசபையில் எழுந்து சொல்லமாட்டோம்.

இந்த மூக்குக்கு இன்னொரு பெருந்தன்மையும் உண்டு. செப்டிக் டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாடையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே அது எச்சரித்துவிடும். நூறு பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பே மரத்துவிடும். உள்ளே இருப்பவருக்கு வாடை குறைந்துவிட்டது போலத் தோன்றும். அதற்கு மேல் சில நூறு பங்கு ஏறினால் உயிர் போகும். காப்பாற்றக் குனிந்தவரும் சேர்ந்து விழுவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? கழிவுநீர் லாரியைக் கூப்பிட ஆகும் செலவு அதில் எந்த மூலைக்கு?

மூடியைத் திறந்ததும் வரும் முதல் நாற்றத்தோடு மூக்கு தன் கடமையை முடித்துவிடுகிறது. மேலே நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ‘அஞ்சு நிமிஷ வேலைதாம்ப்பா, இறங்கு’ என்று சொல்வது மூக்கு அல்ல.